நாங்கள் போகும்போதெல்லாம் எரிந்த ட்யூப் லைட்

அன்று சாயங்காலம் கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடைகளைச் சுத்தம் செய்யும் சண்முகண்ணன், அவர் மனைவி வள்ளி அக்கா, ஏணியின் மேல் நான். இல்லாதவர்களும் மூன்று பேர். சண்முகண்ணனின் தம்பி கணேசன், கணேசனின் மனைவி சுமதி, எங்கள் எலக்ட்ரிக் கடையின் மலையாளி முதலாளி.

சுமதி தலைப்பிரசவத்துக்காகக் கும்பளங்கியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். குழந்தை பிறந்தாகிவிட்டது, அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் திரும்பி வருவதாக இருந்தது. முதலாளி கடையில் தன் நாற்காலியில் இருந்தார். அதிலிருந்து எழுந்திருக்காமலே அந்த ட்யூப் லைட்டுக்கு மூன்று தடவை வைத்தியம் சொல்லி முடித்திருந்தார். கணேசன் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை.

இருந்தவர்களை மட்டும் வைத்து யோசித்துக்கொண்டிருந்தோம். இல்லாதவர்களில் ஒருவர் அன்றைக்குச் செத்திருப்பார்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் இப்போது ஏணி ஏறுவதில்லை. இடப்பள்ளியில் ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்பு வேலை. ட்யூப் லைட் போனால் வேறு யாரோ ஏறுகிறார்கள், நான் கீழே நின்று கையெழுத்துப் போடுகிறேன். உங்களில் பாதிப் பேர் கம்பம், போடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போல இங்கேயே பிறந்த தமிழர்கள். எல்லாரிடமும் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் அப்பா அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் புத்தகத்தில் ட்யூப் லைட் கோளாறு என்று வந்தால் ட்யூப், சோக், ஸ்டார்ட்டர், ஹோல்டர் என்று நான்கு சாமான்களைப் பற்றித்தான் போட்டிருக்கும். அந்த நான்கும் ஒரு வீட்டுக்குள் இருக்கின்றன, வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூடப் போட்டிருக்காது.

சண்முகண்ணன் வீட்டுக் கூடத்து ட்யூப் லைட் சாயங்காலம் எரியாது. பகலில் எரியும். புகார் அவ்வளவுதான்.

அது தொண்ணூறுகளின் கடைசி. பொழுது சாய்ந்தால் கொச்சியில் வோல்டேஜும் சாய்ந்துவிடும். தெருவில் பாதி ட்யூப் லைட்டுகள் எரியலாமா வேண்டாமா என்று முனைகளில் மட்டும் சிவந்துகொண்டு கிடக்கும். அதனால் வள்ளி அக்கா முதல் தடவை கடைக்கு வந்து சொன்னபோது முதலாளி தலையைத் தூக்கவே இல்லை.

"வோல்டேஜ் இல்ல சேச்சி. எல்லா வீட்லயும் அதே கதை. குண்டு பல்பு இடு."

"எதுத்த வீட்ல எரியுது. மாடி வீட்ல எரியுது. என் வீட்டு அடுக்களை பல்பும் எரியுது. கூடத்து லைட்டு மட்டும் மினுக்கக்கூட மாட்டேங்குது. அதுக்கு மட்டும் தனியா வோல்டேஜ் குறையுமா சேட்டா?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்போ சோக்காயிரிக்கும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போய் மாத்திட்டு வா."

வள்ளி அக்காவுக்குப் பகலில் சுள்ளிக்கல்லில் இறால் உரிக்கும் வேலை. சாயங்காலம் வீட்டில் தையல். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். ஒரு துணிக்கடைக்காரர் யூனிஃபார்ம் பாவாடைகளை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொடுத்திருந்தார். கருநீலத் துணி, கருநீல நூல். அடுக்களை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்தத் துணியில் அந்த நூல் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்கே தெரியாது. குறித்த நாளில் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் அந்தக் கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். அவருக்கு வெளிச்சம் வேண்டியது சாயங்காலம் மட்டும்தான். அந்த லைட்டுக்கோ சாயங்காலம் மட்டும்தான் முடியாது.

நான் போனது மத்தியானம். விடியற்காலையில் ஓடை வேலைக்குப் போய்த் திரும்பிய சண்முகண்ணன் பாயில் படுத்திருந்தார். சுவிட்சைத் தட்டினேன். இரண்டு மினுக்கு மினுக்கிப் பளிச்சென்று எரிந்தது.

"எரியுதே அண்ணே."

"இப்ப எரியும். இப்ப யாருக்குடா வேணும்?"

எரிகிற லைட்டின் சோக்கைக் கழற்றி வேறு சோக்கை மாட்டினேன். அதற்கப்புறமும் எரிந்தது. சாயங்காலம் எரியவில்லை. அடுத்த தடவை முதலாளி ஸ்டார்ட்டர் என்றார். காயல் காற்றில் ஹோல்டரும் பச்சை பிடித்திருந்தது, அதையும் மாற்றினேன். அதற்கடுத்த தடவை ட்யூப்பையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நான் போனபோது எரிந்தது, நான் திரும்பியபோதும் எரிந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. சாயங்காலம் செத்துக் கிடக்கும் லைட் பத்து மணிக்குத் தானாக எரியும்.

"எப்ப வரும்னு தெரியாம சுவிட்சைப் போட்டே வெச்சிருக்கோம்," என்றார் சண்முகண்ணன். "அசந்து தூங்குற நேரம் பார்த்து மூஞ்சியில டார்ச் அடிச்ச மாதிரி எரியுது. இதுக்கு உங்க முதலாளிகிட்ட என்ன மருந்து இருக்கு, கேட்டுட்டு வா."

கேட்டேன். முதலாளிக்குத் தான் அன்றே சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம். "பத்து மணிக்கு எல்லாவரும் உறங்கும். அப்போ வோல்டேஜ் கூடும். ஞான் அன்னைக்கே பறஞ்ஞில்லே?"

இதுதான் நம் தொழிலில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தப்பான காரணம் எதற்கும் பொருந்தாமல் போனால் நாம் பிழைத்துவிடலாம். அது எல்லாவற்றுக்கும் பொருந்திப் போகும். தெருக்காரர்களின் காரணமும் அப்படித்தான் பொருந்தியது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். யாரோ என்றால் யார் என்று சண்முகண்ணனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுவரைப் பார்த்தார்.

வள்ளி அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "செய்வினை செய்றவன் மனுசன் மேல செய்வான். ட்யூப் லைட்டு மேலயா செய்வான்? நீ சும்மா படு."

நான்காவது தடவைதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது: எரியாத நேரத்தில் போய்ப் பார்ப்போம். இதற்கு நான்கு தடவை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். சாயங்காலம்தான் கடையில் கூட்டம். அந்த நேரத்தில் ஒரு ட்யூப் லைட்டுக்காக ஆளை அனுப்பினால் கடையை யார் பார்ப்பது என்பது முதலாளியின் நியாயம். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

மழை பிடித்திருந்தது. கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது, லைட் எரியவில்லை. என் வாழ்க்கையில் எரியாத லைட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஏறி டெஸ்டரை வைத்தேன். கரண்ட் வரும் கம்பியில் டெஸ்டர் எரிந்தது. அது சரி. கரண்ட் திரும்பிப் போகும் கம்பி இருக்கிறதே, நியூட்ரல், அதில் எரியக் கூடாது. அதிலும் எரிந்தது. அப்படியானால் ட்யூப், சோக் எதிலும் குற்றமில்லை. வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் மூச்சடைத்து நிற்கிறது. நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது.

எங்கே என்று கண்ணாலேயே கம்பியைத் தொடர்ந்தேன். துணி சுற்றிய பழைய வயர். மரப்பட்டை மேல் கிளிப் அடித்துக் கூரையோரமாக ஓடியது. ஓடி, நேராகச் சுவருக்குள் போய் மறைந்தது. அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கூடத்தில் மூன்று சுவர்கள் பழையவை. நான்காவது சுவர், வயரைவிடப் புதியது.

"அண்ணே, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"சுவர்," என்றார் சண்முகண்ணன். "சுவத்துக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கும்."

"கொழுந்தன் வீடு," என்றார் வள்ளி அக்கா. "மாமனார் போன பிறகு நடுக்கூடத்துல கட்டினது."

"அவரு வீட்ல இப்ப..."

நான் கேட்டு முடிக்கவில்லை. என் முகத்துக்கு நேரே, ஸ்டார்ட்டரின் வெள்ளை டப்பாவுக்குள் செந்நிறமாக ஏதோ மினுக்கியது. ட்யூப்பின் முனைகளும் லேசாகச் சிவந்தன. அந்த நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் அலறினார். வார்த்தை இல்லாத அலறல்.

சண்முகண்ணன் பாயிலிருந்து எழுந்த வேகத்தில் வாசலுக்கு ஓடினார். வள்ளி அக்கா பின்னால். "கணேசு, கணேசு" என்று யார் கத்தினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அநேகமாக இரண்டு பேரும். நான் ஏணியிலிருந்து குதித்தேன். கால் வாசலை நோக்கித்தான் போனது. அதைத் திருப்பினேன். அலறல் நிற்கவில்லை, ட்யூப்பின் முனையில் சிவப்பும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே கம்பியில் நடக்கின்றன. நான் ஓட வேண்டியது அந்த வீட்டுக்கு இல்லை.

அடுக்களைப் பக்கம் இருந்த சண்முகண்ணன் வீட்டு மெயினைக் கீழே இழுத்தேன்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்த சண்முகண்ணன் கத்தினார். "அங்க ஆளு கத்துறான், நீ எம்வீட்டு மெயினையா இழுக்கிறே, பைத்தியமாடா உனக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. அலறல் நின்றது.

ஒரு செயல் சரியா தப்பா என்று தெரியாமல் நிற்கும் நேரம் கொடுமையானது. கை இன்னும் மெயின் பிடியில் இருந்தது. நின்ற அலறல் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பிறகு கணேசன் அம்மாவைக் கூப்பிட்டு முனகுவது கேட்டது. அதன் பிறகுதான் பிடியை விட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சண்முகண்ணன் உள்ளே இருந்தார். சுவர் கட்டிய எட்டு வருஷத்தில் அந்த வாசற்படியை அவர் மிதித்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். தம்பியின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரும்பு ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. மழை ஊறிய சிமெண்ட் தரை. கூரையில் ஒரு பெரிய கொக்கி, அதில் பாதி கட்டிய கயிறு. குழந்தைக்குத் தொட்டில். கொக்கியை ஒட்டி ஓடிய பழைய வயரில் துணி உரிந்து செம்பு தெரிந்தது.

கணேசன் கண்ணைத் திறந்தார். அண்ணன் மடியில் இருப்பது தெரிந்ததும் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். பிழைத்த ஆள் முதலில் தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன்.

"நான் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினேன்," என்றார். "தோ, பிடி கீழே இருக்கு, எல்லாரும் பாருங்க. பின்னே எங்க இருந்துடா வந்துச்சு கரண்ட்?" கண் சுவருக்குப் போய் அங்கிருந்து அண்ணனிடம் வந்தது. "சுவத்துல கரண்ட் விட்டிருக்கியா நீ?"

சண்முகண்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

மெயினை இழுத்துவிட்டு ஏறு என்று நாம் ஊருக்கெல்லாம் சொல்கிறோமே, அந்த மனுஷன் அதைத்தான் செய்தார். அவர் வீட்டு மெயின் பழைய இரும்புப் பெட்டி. பிடியைக் கீழே இழுத்தால் வரும் கம்பி, போகும் கம்பி இரண்டும் துண்டாகும். அண்ணன் வீட்டுக் கூடத்து லைட்டுக்கு வரும் கம்பி அண்ணன் மீட்டரிலிருந்து. போகும் கம்பி மட்டும் தம்பியின் மெயின் வழியாக. தம்பி மெயினை இழுத்தால் அண்ணன் லைட் அணையும். அண்ணன் சுவிட்ச் போட்டபடி இருந்தால் அந்தக் கரண்ட் லைட்டைத் தாண்டி வந்து தம்பி வீட்டுக் கம்பியில் நிற்கும், யாராவது தொடட்டும் என்று. ஜாக்கிரதையாக இருப்பவனைத்தான் அது பிடிக்கும்.

இதை நான் அப்படியே சொன்னேன். எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாக.

"அப்ப தினமும் என் லைட்டை நிறுத்தினது இவன்தான்," என்றார் சண்முகண்ணன்.

"அப்ப என் கம்பியில கரண்ட் விட்டது இவன்தான்," என்றார் கணேசன்.

நான் சொன்ன ஒரே விஷயத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தெருவாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம் என்று கணேசன் சொன்னார். வா போவோம் என்று சண்முகண்ணனும் சொன்னார். இந்தப் பையன்தான் எனக்குச் சாட்சி என்று இரண்டு பேரும் ஆளுக்கு என் ஒரு கையைப் பிடித்தார்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஷாக் அடித்த ஆளை டாக்டர் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வலது கை விரல்கள் கருகியிருந்த கணேசன் ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள் காலையில்தான்.

"கணேசு," என்றார் வள்ளி அக்கா. அவர் குரலை உயர்த்தவில்லை. "எப்ப இருந்து நீ மெயினை ஆஃப் பண்றே?"

கணேசன் அண்ணனை முறைத்தபடியே, அண்ணிக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். "சுமதி ஊருக்குப் போனதுல இருந்து அண்ணி. ஆளில்லாத வீட்ல மெயினை இழுத்து வெச்சிட்டுப் போங்கன்னு அவதான் சொன்னா. நாலு மணிக்கு வண்டியத் தள்ளிட்டுத் தோப்பும்படி போனா, தோசைக் கல்லை எறக்கி வெச்சு வீட்டுக்கு வர பத்து ஆகுது. வந்துதான் போடுவேன். இன்னைக்குத் தொட்டில் கட்டணும்னு கடை போடல."

நாலு மணி. பத்து மணி. மூன்று தடவை ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்த நான் கேட்க வேண்டிய கேள்வியை வள்ளி அக்கா கேட்டுவிட்டார். என்றைக்கிலிருந்து இந்தக் கோளாறு என்று நான் கேட்டிருந்தால் அவர் அன்றே சொல்லியிருப்பார். சுமதி போன நாளை மறப்பவர் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் யாரும் இல்லை.

"இனி நான் சொல்றேன், கேளு தம்பி," என்று அவர் என்னிடம் திரும்பினார். "இந்த வீட்டைப் பிரிச்சப்ப கூரை ஓடு எத்தனைன்னு எண்ணினாங்க. சன்னலை எண்ணினாங்க. முன்வாசக் கதவு ஒருத்தருக்குப் போனதுன்னு பின்வாசக் கதவோட நாதாங்கிய இன்னொருத்தர் கழட்டினாங்க. சுவர் எழும்பி முடிஞ்ச அன்னைக்கு வயர்மேன் வந்தான். கூடத்து லைட்டுக்குத் தனிக் கம்பி போடணும், காசு ஆகும்னான். லைட்டு என் பக்கம், கம்பி அவன் பக்கம், அவன் குடுக்கட்டும்னாரு இவரு. லைட்டு அவனுக்கு, காசு எனக்கான்னு இவன். வயர்மேன் ஏணி மேலயே பாவம் ரொம்ப நேரம் நின்னான்."

"எரியுதுல்ல, விடுன்னு இவன்தான் சொன்னான்," என்றார் சண்முகண்ணன்.

"நீ சொன்னே."

"ரெண்டு பேரும் சொன்னீங்க," என்றார் வள்ளி அக்கா. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல சொன்னது அதுதான் கடைசி."

தெருவாசலில் யாரோ சிரித்தார்கள். அண்ணனும் தம்பியும் சிரிக்கவில்லை. ஆனால் என் கைகளை விட்டார்கள்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். கோளாறு தெரிந்துவிட்டது, இனி கம்பி போட்டால் போதும். நம் தொழிலில் கோளாறு தெரிந்த பிறகுதான் நிஜமான தொந்தரவு ஆரம்பிக்கும். இதைத்தான் முக்கியமாக உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

"சரி, விஷயம் புரிஞ்சுபோச்சு," என்றார் சண்முகண்ணன். "அவன் மெயினை ஆஃப் பண்ணக் கூடாது. அவ்வளவுதானே? சொல்லிட்டுக் கெளம்பு, சோலி முடிஞ்சுது."

கணேசன்கூட இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சுமதி வந்துவிட்டால் வீட்டில் ஆள் இருக்கும், மெயினை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். காசு இல்லாமல் முடியும் என்றதும் எட்டு வருஷமாக ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். கணேசன் எழுந்து போய்த் தன் மெயினை மேலே தள்ளினார். சண்முகண்ணன் தன் வீட்டுக்கு நடந்தார், நான் இழுத்து வைத்த மெயினைப் போட.

நான் அவருக்கு முன்னால் ஓடிக் கூடத்து லைட்டின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னடா பண்றே?"

"கம்பி போடாம இதைத் தர மாட்டேன் அண்ணே."

"எம்வீட்டு ஃப்யூஸ்டா அது."

"தெரியும் அண்ணே."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது வள்ளி அக்கா குறுக்கே வருவதைத்தான். அவர் எனக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் வந்து நின்றார். மெஷின் மேல் பாவாடைகள் அடுக்கியிருந்தன.

"தம்பி, அவங்களை விடு. எனக்கு நாளைக்குக் குடுக்கணும். இப்ப அவன் மெயினு போட்டாச்சு. ஃப்யூஸை மாட்டினா லைட்டு எரியும். இன்னைக்கு ஒரு நாள் நான் தைச்சு முடிச்சிடறேன். நாளைக்கு வந்து நீ என்ன வேணா வெட்டு, என்ன வேணா ஒட்டு."

இந்த வீட்டில் இதுவரை நியாயமாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர் கேட்டதும் நியாயம். கண் முன்னால் எரியக்கூடிய லைட். கையில் ஃப்யூஸ். கடை மூடும் நேரம், மழை, வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அன்று என்னை எல்லாரும் வாழ்த்தியிருப்பார்கள், சாயாவும் கிடைத்திருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கெட்டவர்கள் கெஞ்சினால் மறுப்பது சுலபம்.

"அக்கா, இன்னைக்கு எரிஞ்சா நாளைக்கு யாரும் என்னைக் கூப்பிட மாட்டீங்க," என்றேன். "எரியுதுல்லன்னு விட்டுருவீங்க."

"நான் அப்படிச் சொல்ற ஆளா?"

"நாளைக்குச் சுமதி அக்கா வராங்க. தொட்டில் கயிறு பாதிதான் கட்டியிருக்கு. கணேசண்ணன் கை இருக்கிற நிலைமைக்கு அவரு கட்ட முடியாது. அவங்கதான் ஸ்டூல்ல ஏறுவாங்க. ஜாக்கிரதைக்காரங்க. ஏறுறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏறுவாங்க. இந்தப் பக்கம் சுவிட்சு போட்டிருக்கும்."

வள்ளி அக்கா மெஷின் மேலிருந்த பாவாடையை எடுத்து மடித்துக் கட்டின் மேல் வைத்தார். பிறகு வாசலுக்குப் போய் இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ரெண்டு பேரும் காசை எடுங்க."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கப்புறமும் நடந்தது. புதுக் கம்பி அண்ணன் வீட்டுக்குள்தான் ஓடுகிறது, அதற்குத் தான் எதற்குத் தர வேண்டும் என்றார் கணேசன். சாகப் பார்த்தது அவன், உயிருக்கு விலை அவன் கொடுக்கட்டும் என்றார் சண்முகண்ணன். எட்டு வருஷமாகத் தன் கம்பியில் அண்ணன் லைட் எரித்திருக்கிறான், அதற்கு வாடகை கழிக்க வேண்டும் என்று கணேசன். மாடி வீட்டுக்காரர் ஒருவர் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொல்ல வந்தார். வள்ளி அக்கா நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேரும், ஒருவர் எடுக்கிறாரா என்று மற்றவர் பார்த்தபடி, ஒரே நேரத்தில் பையில் கைவிட்டார்கள்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த முதலாளி என்னைப் பார்த்ததும், "வயிறு சரியாயோ?" என்றார். வயர் வேண்டும் என்றேன். என்ன கோளாறு என்று கேட்டார். நியூட்ரல் என்றேன். "ஞான் விசாரிச்சு," என்றார். தானும் அதைத்தான் நினைத்தாராம். நான் வயரை அளந்து எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வீட்டு மெயினையும் இழுத்துவிட்டு, சண்முகண்ணன் வீட்டு மீட்டர் போர்டிலிருந்து கூடத்து லைட்டுக்குத் தனியாக நியூட்ரல் போட்டேன். பழைய கம்பியைச் சுவருக்கு இந்தப் பக்கம் வெட்டி டேப் சுற்றினேன். அந்தப் பக்கமும் போய், கொக்கியைத் தாண்டி வெட்டி எடுத்தேன். ஃப்யூஸை மாட்டி, இரண்டு மெயினையும் போட்டேன். இரண்டு மினுக்கில் லைட் எரிந்தது. கணேசனைத் தன் மெயினைக் கீழே இழுக்கச் சொன்னேன். இடது கையால் இழுத்தார். சண்முகண்ணன் தெருவில் நனைந்துகொண்டே நின்று தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தார். லைட் எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

மெயின் கீழே இருக்கும்போதே கொக்கிப் பக்கத்துக் கம்பிகளை டெஸ்டரால் தொட்டுப் பார்க்கும்படி கணேசனிடம் சொன்னேன். அவர் தொட மாட்டேன் என்றார். அதற்கப்புறம் தொடச் சொல்வதும் நியாயம் இல்லை. சண்முகண்ணன் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். டெஸ்டரை என் கையிலிருந்து பிடுங்கி ஸ்டூலில் ஏறினார். கொக்கியைச் சுற்றி எங்கெல்லாம் கம்பி தெரிந்ததோ அங்கெல்லாம் வைத்துப் பார்த்தார். எதிலும் எரியவில்லை.

"இல்ல," என்றார். தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை, கயிற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு, ஏறியாகிவிட்டதே என்பதுபோல, மீதிக் கயிற்றையும் கட்டி இரண்டு தடவை தொங்கிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

கூலி யார் தருவது என்று பேச்சு வந்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டேன். வயர், கிளிப், டேப் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆனது நாற்பத்தொரு ரூபாய். ஆளுக்கு இருபது ரூபாய் ஐம்பது காசு.